குனிந்து போகிற இடம்

கல்லூரியின் நடுவிலிருந்த புல்வெளியைக் குறுக்கே கடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தலையைக் குனிந்துகொள்வதை, ஆசிரியர் அறை ஜன்னலில் டீயும் கையுமாக நின்றபோதுதான் அவள் முதன்முதலாகக் கவனித்தாள். மேலே கிளை இல்லை, கம்பி இல்லை, வெறும் வானம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போன மாணவி குனிந்தாள், பந்தைத் துரத்தி ஓடினவன் குனிந்தான், ஆறடிக்குக் குறையாத உடற்பயிற்சி ஆசிரியர் கிட்டத்தட்ட மடங்கியே போனார். கேட்டால், "நானா? எப்போ?" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர் அவள். மறுநாள் பொன்விழாவில் அந்தப் புல்வெளியின் வரலாற்றை வாசிக்க வேண்டும். அங்கே வீடுகள் இருந்ததாக எழுதியிருந்த பத்தியை முதல்வர் அடித்துவிட்டார்.

"இங்க வீடே இல்லம்மா. வெறும் பொட்டல்னு எழுதுங்க. வேலை நிரந்தரமாகற நேரத்துல எதுக்கு வம்பை விலைக்கு வாங்கறீங்க?"

வீடு இல்லையாம். அவளுடைய அம்மா பிறந்ததே அங்கேதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் குனிகிறவர்களைப் பற்றிச் சொன்னாள். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தினாள்.

"அங்க இருந்த நம்ம வீட்டு வாசல் நிலை ரொம்பத் தாழ்வு. குனியாம நுழைஞ்சா மண்டை புடைச்சிரும்."

இத்தனை வருஷம் வாய் திறக்காத மிச்சத்தையும் அன்றுதான் சொன்னாள்.

"இடிக்க வண்டி வந்த அன்னிக்கு எல்லாரும் வெளிய வந்துட்டோம். எங்க அக்கா மட்டும் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. 'இது என் வீடு, நான் எங்கயும் வரல'ன்னு கத்தினா. வண்டிக்காரனுக்குக் கேக்கலையாம். தோண்டிக்கூடப் பாக்கலடி. மேல மண்ணைக் கொட்டிப் புல்லை நட்டுட்டானுங்க."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் ஒரு பிடி அதிகமாக இருந்தது.

காலையில் புல்வெளியின் நடுவே மேடை. ஏறும்போது முதல்வர் குனிந்தார், தாளாளர் குனிந்தார், அவளும் குனிந்தாள். உள்ளே, ஆமாம், உள்ளே என்றுதான் தோன்றியது, வெட்டிய புல்லின் வாசனைக்கு அடியில் நனைந்த மண்சுவரும் மண்ணெண்ணெய்ப் புகையும் மணந்தன, வெயில் சுள்ளென்று அடித்தும் தோளில் நிழலின் குளிர் விழுந்தது, ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கு நடுவே காதோரம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பக்கத்தில் யாருமில்லை. ஓடிவிடலாம் என்றிருந்தது. வேலையாவது மிஞ்சும்.

ஓடவில்லை. அடித்த பத்தியையே, அம்மா சொன்னதையும் சேர்த்து வாசித்தாள்.

"இங்கே வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் என் பெரியம்மா இருந்தாள். அவள் வெளியே வரவே இல்லை."

ஒலிவாங்கியைப் பிடுங்க முதல்வர் எழுந்தார்.

சடக்.

தாழ்ப்பாள். உள்பக்கமாக.

எழுந்தவரின் தலை எதிலோ மோதியது. நெற்றியில் ரத்தம். தாளாளர் படியிறங்கப் போய், வெறும் காற்றில் முட்டி நின்றார். எதிரே மாணவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

தூரத்தில் எஞ்சின் உறுமியது.

"கதவு! கதவைத் திறங்கம்மா!" முதல்வர் இரண்டு கையாலும் காற்றை அறைந்தார்.

"எந்தக் கதவு சார்?" அவள் ஒலிவாங்கியை விடாமல் கேட்டாள். "இங்க வீடே இல்லையே."

உறுமல் நெருங்கியது. வண்டி எதுவும் இல்லை. புல் மட்டும், மதிலோரத்திலிருந்து, இரண்டு அகலத் தடங்களாக நசுங்கிக்கொண்டே வந்தது.

அவள் கையை நீட்டித் துழாவினாள். தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. துரு. சில்லிப்பு. அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை. மண் அப்பிய கை, கண்ணாடி வளையல் போட்டது. அதை விலக்கினால் திறந்துவிடலாம்.

விலக்கவில்லை. அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நாங்க எங்கயும் வரல."

இந்தத் தடவை ஒலிபெருக்கி இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

வண்டி நிற்கவில்லை.