மேடைக்குப் பின்னால் வரவும்

நாலாவது துண்டுத் தாள் ஈரமாக இருந்தது.

ஜெயபுரத்தில் மழை பெய்து இரண்டு மாதம். விளையாட்டுக் கழக மைதானத்தில் காலை வைத்தால் புழுதி கணுக்கால் வரை ஏறும். அப்படியிருக்க அந்தக் கொப்பித் தாள் மட்டும் இப்போதுதான் வாய்க்காலில் இருந்து எடுத்ததுபோல விரலில் ஒட்டியது. யாராவது ஐஸ்பழம் பிடித்த கையோடு எழுதியிருப்பார்கள் என்று செந்தூரன் நினைத்துக்கொண்டான்.

ஊர் விழாவில் டெக்னோ பாட்டுப் போடுகிறவனுக்கு டெக்னோ மட்டும்தான் வேலை என்று நினைப்பவர்கள் வன்னிக்கு வந்து ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். மைக் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் ஊருக்கு வாய். பாதையை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளின் நம்பர், கண்டெடுத்த வீட்டுத் திறப்பு, தாயைத் தேடி அழும் பிள்ளை, எல்லாம் துண்டில் எழுதி வரும். இதற்கென்றே, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய கழகத் தலைவர் வீரையா மேசை விளிம்பில் ஓர் உடுப்புக் கிளிப்பைக் கட்டிவிட்டிருந்தார். பகலில் கிளிநொச்சியில் போன் திருத்தி, மாலையில் ‘டிஜே சென்’ ஆகிவிடும் செந்தூரனுக்கு இது பெரிய கரைச்சல். டெக்னோவில் தாளத்தின் அடி அறுந்தால் எல்லாம் போச்சு.

“வாசியடா, சனம் பாக்குது,” என்றான் தர்ஷன். இருவரும் சேர்ந்துதான் எங்கும் போடுவார்கள். லைட்டும் ஜெனரேட்டரும் தர்ஷனின் பொறுப்பு.

செந்தூரன் மைக்கை எடுத்தான். “வேலாயுதம் ஜெகதீஸ்வரி. மேடைக்குப் பின்னால வாங்கோ. உங்களைத் தேடி வந்திருக்கினம்.”

வாசித்து முடித்த பிறகுதான் கவனித்தான். யார் தேடி வந்திருக்கிறார்கள் என்று தாளில் இல்லை.

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா எழும்பினார். அவருடைய முகத்தில் ஆச்சரியம் இல்லை. ‘ஓம், வாறன்’ என்று உதடு அசைந்தது. கைப்பையைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, இரண்டு ட்ரக்டர் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய அந்த மேடையின் மூலைக்கு வந்து, கோயிலுக்குள் போகிறவர்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின்திரையாகக் கட்டியிருந்த தறப்பாளை விலக்கிக்கொண்டு பின்னால் போனார்.

செந்தூரன் அதைப் பார்த்தான், மறந்தும் போனான். மைக்கில் வருவதையெல்லாம் பதிவு செய்து வைப்பது அவன் பழக்கம். ‘தேடி வந்திருக்கினம்’ என்ற அந்த ஒரு துண்டுக் குரலை வெட்டி, திருப்பித் திருப்பி வரும்படி செய்து, அடிக்குமேல் ஏற்றிவிட்டான். பெடியளுக்கு விசர் பிடித்தது. ஐந்தரை மணி வெயிலில் புழுதி சிவப்பாக எழும்ப, இருநூறு பேர் ஒரே தாளத்தில் நிலத்தை மிதித்தார்கள். அன்றைய நாளில் தான் செய்த ஆகப் பெரிய கெட்டித்தனம் அதுதான் என்று நினைத்தான், பாவி.

ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் மனைவி ரஜிதா இருந்தாள். அவளுடைய கையைப் பிடித்தபடி மகள் சாரங்கா துள்ளிக்கொண்டு நின்றாள். ஆறு வயது. அப்பா மேடையில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிழமையாக அழுது வந்தவள். அவளுடைய புதுச் செருப்பின் குதியில் சிவப்பு லைட் உண்டு. மிதித்தால்தான் மின்னும். அதற்காகவே ஒவ்வோர் அடிக்கும் ஓங்கி மிதித்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனம் நிறைந்தது.

ஐந்தாவது துண்டும் ஈரம்தான். ஆறாவதும். முன்வரிசையில் மாலையோடு இருந்த நல்லதம்பி மாஸ்டர் போனார். கடலை விற்ற பெண் தட்டத்தை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் மூலையில் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு சோடி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சோடி, கோடு போட்டதுபோல.

திரும்பி வந்து ஒருவரும் செருப்புப் போடவில்லை.

அதை அவன் அப்போதுதான் கவனித்தான். டீசல் புகையையும் வியர்வையையும் மீறி, மழையில் நனைந்து கிடந்த பழைய சாக்கின் மணம் தறப்பாளுக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. பச்சைச் சேலை அம்மாவின் கைப்பை இன்னும் கதிரையில் இருந்தது. அதற்குள் போன் வெளிச்சம் போட்டு, அணைந்து, மறுபடி வெளிச்சம் போட்டது.

வீரையாவைக் கைகாட்டிக் கூப்பிட்டான். “ஐயா, இந்தத் துண்டுகள் ஆர் எழுதினது?”

வீரையா குனிந்து தாளைப் பார்த்தார். “நான் மூணு துண்டுதான் தம்பி மாட்டுனேன். வண்டி நம்பர் ரெண்டு, சாவி ஒண்ணு. அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரலையே.”

தர்ஷன் தறப்பாளுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். செந்தூரனின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “ஒருத்தரும் இல்லை மச்சான். ஜெனரேட்டரும் வயலும்தான்.”

“போன ஆக்கள்?”

“வெறுங்கால் அடையாளம் வரப்பு வரைக்கும் கிடக்கு. அங்கால இல்லை.”

“மூடுவம். இப்பவே மூடுவம்.”

சொல்லிவிட்டு மேசைப் பக்கம் திரும்பினான். கிளிப்பில் ஒரு துண்டு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மடித்த தாளின் மேல்பக்கத்தில் ஒரே ஒரு பெயர். செந்தூரன்.

இந்த ஊரில் அவனுடைய சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. நோட்டீசில் டிஜே சென் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனாலும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதில் அவனுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. தான் போகாவிட்டால் சரி. அவ்வளவுதானே.

பிறகுதான் தாளை விரித்தான். தகப்பன் பெயரை முன்னால் எழுதுவதுதானே வழக்கம்.

செந்தூரன் சாரங்கா.

தாளைக் கசக்கினான். வாய்க்குள் போட்டு மென்றான். சேறு. பழைய சேறு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மைக்கை நிறுத்தி, அதன் வயரையும் பிடுங்கினான். வாசிக்கமாட்டான். யார் வந்து கேட்டாலும் வாசிக்கமாட்டான்.

“செந்தூரன் சாரங்கா,” என்றது ஸ்பீக்கர்.

அவனுடைய குரல்தான். அவன் ஒருபோதும் பதிவு செய்யாத சொற்கள். அடி பிசகாமல் வந்தன.

“செந்தூரன் சாரங்கா. மேடைக்குப் பின்னால வாங்கோ.”

லாப்டொப்பை அறைந்து மூடினான். மிக்ஸரில் இருந்த அத்தனை வயரையும் பிடுங்கினான். “ஜெனரேட்டரை நிப்பாட்டு,” என்று கத்தினான். தர்ஷன் ஓடினான். ஜெனரேட்டர் விக்கி விக்கி நின்றது. மேடை லைட் எல்லாம் அணைந்தது.

அடி நிற்கவில்லை.

சனம் கூவியது. இதுவும் ஒரு வித்தை என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள்.

“வாங்கோ. ஓடி வாங்கோ செல்லம்.”

வேலை முடிந்து வந்து, வீட்டுப் படலையில் நின்று அவளைக் கூப்பிடுகிற அதே குரல்.

பொழுதுபட்ட மங்கல் வெளிச்சத்தில் ரஜிதா குனிந்து மகளின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. சிரித்துக்கொண்டு சொன்னாள். உதடு அசைவு அவனுக்கு விளங்கியது. ‘அப்பா கூப்பிடுறார். போங்கோ.’

கையை விட்டாள்.

“போகாதை!” அவன் தொண்டை கிழியக் கத்தினான். ஸ்பீக்கருக்கு முன்னால் அந்தச் சத்தம் எந்த மூலைக்கு? கூட்டத்தின் கால்களுக்கு நடுவே சிவப்பு மின்னியது. அணைந்தது. இன்னும் கிட்ட மின்னியது.

மேடையிலிருந்து பாய்ந்தான்.

கால் நிலத்தில் படவில்லை. பெடியள் ஏந்திக்கொண்டார்கள். பத்துக் கை. இருபது கை. டிஜே பாய்ந்துவிட்டார், டிஜே பாய்ந்துவிட்டார். தலைக்குமேல் தூக்கினார்கள். உதைத்தான். சிரித்தார்கள். கடித்தான். இன்னும் உயரத் தூக்கினார்கள். ஒரு கை மற்றக் கைக்குக் கொடுத்தது. மேடை தூரப் போனது.

“விடுங்கோடா. என்ரை பிள்ளை. விடுங்கோ.”

அழுதான். ஒருவனும் கேட்கவில்லை. ஐஸ்கிறீம் வானடியில் ரஜிதா அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.

தறப்பாள் ஒரு சின்ன ஆள் உயரத்துக்கு மட்டும் விலகி, மூடிக்கொண்டது.

மூலையில் செருப்பு வரிசை. ஆகக் கடைசியில் ஒரு சின்னச் சோடி. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மிதித்தால்தான் மின்னும் அந்தச் செருப்பு, முதலில் இடது, பிறகு வலது, அடிக்கு ஒரு தரம் மின்னிக்கொண்டிருந்தது.