பதினோராவது விநாடி

மூன்றாவது தடவையும் அதே பதினோரு விநாடிதான்.

சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே மெக்கானிக் மனதுக்குள் எண்ணினான். சாவியைத் திருப்பியதும் அந்தப் பழைய வேன் கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் உயிர்பெற்றது. பதவிசாக ஓடியது. பதினோராவது விநாடியில் நின்றது. கோளாறு உள்ள வண்டி அப்படி நிற்காது. இருமும், உதறும், ஒரு சமயம் ஏழு விநாடியில் அணையும், இன்னொரு சமயம் இருபது வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கும். இதுவோ, பேசிக்கொண்டிருப்பவன் வாயை யாரோ பின்னாலிருந்து பொத்தியதைப் போல நின்றது.

வெளியே மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. சாரல் உள்ளே அடிக்காதிருக்க ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தான். தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலில் பட்டறைக்குள் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பழைய ஆயிலின் வாடையும் ஈர ரப்பரின் வாடையும் தரையோடு தரையாகத் தேங்கி நின்றன. பட்டறைக்குப் பின்னால் ஒரு படி ஏறினால் வீட்டுக் கதவு.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். போன மாதம்தான் இன்னொருவரிடமிருந்து வாங்கினாராம். அதற்குள் மூன்று பட்டறை பார்த்தாயிற்று. காலையில் கயிறு கட்டி இழுத்துவந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "உள்ள வாங்க சார், ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றதற்கு, "இல்ல தம்பி, இருக்கட்டும்" என்று சாவியைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒருதடவைகூட வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்ரோல் பம்பைச் சோதித்தான். குறையில்லை. ஃபில்டரை மாற்றினான். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தான். நான்கிலும் பொறி நீலமாகத் தெறித்தது. காற்று போகும் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனான். எல்லாம் சுத்தம். ஸ்கேனரை மாட்டினால் அதுவும் கோளாறு ஒன்றுமில்லை என்றது.

"என்ன, ஐயா தோத்துட்டீங்களா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப்பார்த்தாள் மனைவி. பதினைந்து வருஷமாகச் சாவி திருப்பும் உத்தியோகம் அவளுடையதுதான். "உங்களை மாதிரியே இருக்குங்க இந்த வண்டி. எழுப்பினா எழுந்துக்குது. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி படுத்துக்குது."

"பேசாம திருப்பு."

"திருப்பறேன். உள்ள என்னமோ பவுடர் வாசம் அடிக்குதுங்க. குழந்தைக்குப் போடுவாங்களே, அது."

அவனுக்கு ஆயில் வாடைதான் அடித்தது.

மிச்சமிருந்தது புகை போகும் வழி. அது அடைபட்டிருந்தாலும் வண்டி கிளம்பி, மூச்சுத் திணறி நின்றுபோகும். அவன் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தினான். புகைக்குழாயின் வாய் வருஷக்கணக்கில் கரி பிடித்துக் கறுத்திருந்தது. ஆனால் விளிம்பில் மட்டும், இரண்டு பக்கமும், கரி துடைத்ததைப் போல இரும்பு பளபளத்தது. இரண்டு கை வைத்துப் பிடித்தால் எவ்வளவு அகலம் வருமோ, அவ்வளவு.

"போடு!"

வண்டி கிளம்பியது. குழாய்க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டினான். சூடான காற்று பட்பட்டென்று அடித்தது. அடைப்பு இல்லை. ஒன்பது. பத்து.

காற்று நின்றது.

என்ஜின் இன்னும் நிற்கவில்லை. அதற்கு அரை விநாடி முன்னாலேயே காற்று நின்றது. அந்த அரை விநாடியில் அவன் உள்ளங்கையில் பட்டது ஈரமாக, சில்லென்று, மெத்தென்று இருந்தது. ஒரு புறங்கை.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். வண்டி அணைந்தது. கூரையில் மழை. ஒன்றும் இல்லை. அவனுடைய கை மட்டும் நனைந்திருந்தது.

மழைத்தண்ணீர் ஒழுகியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தான். கூரையில் அந்த இடத்தில் ஒழுக்கு இல்லை.

தொழில் தெரிந்தவன் பயந்தாலும் கை தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அவன் வண்டிக்கு அடியில் படுத்தபடி நகர்ந்து, முன்பக்கம் என்ஜினோடு சேரும் இடத்தில் புகைக்குழாயின் இரண்டு போல்ட்டையும் கழற்றிவிட்டான். பின்னால் என்ன அடைப்பு இருந்தாலும் இனி புகை இந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். வண்டி ஓடினால் கோளாறு பின்னால் என்று நிச்சயமாகும். வெளியே வந்து குரல் கொடுத்தான்.

வண்டி கிளம்பியது. குழாய் விட்டுப்போனதில் சத்தம் காதைப் பிளந்தது. மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பதினொன்று. பன்னிரண்டு. இருபது. ஒரு நிமிஷம்.

ஓடியது.

அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். இந்தச் சத்தத்தில் போன் பேச முடியாதென்று ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, கூரை விளிம்பின் கீழ் ஒண்டிக்கொண்டு வாத்தியாரைக் கூப்பிட்டான்.

"சார், பிடிச்சுட்டேன். முன்னாடி குழாயைக் கழட்டினதும் ஜம்முனு ஓடுது."

"ஓடுதா? நிக்கலையா?"

"நிக்கல சார். ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சு."

"நிறுத்துங்க தம்பி. முதல்ல நிறுத்துங்க. உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஏன் சார்?"

"எனக்கு வித்தவரு பொண்ணு அதுலதான் போச்சு. ஆறு வயசு. வண்டியில தூங்கிடுச்சேன்னு ஏசியை ஓடவிட்டுட்டு அம்மா இறங்கியிருக்காங்க. சாவி உள்ள. கதவு பூட்டிக்கிச்சு. அடியில குழாய் விட்டுப்போய்ப் புகையெல்லாம் உள்ள ஏறியிருக்கு. அம்மாவால கண்ணாடியை உடைக்க முடியல. எப்படியாவது என்ஜினை அணைக்கணும்னு கொட்டற மழையில புகைக்குழாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். கையெல்லாம் வெந்துபோச்சு. அது நின்னப்போ குழந்தை இல்ல. அந்தம்மாவும் அப்புறம் ரொம்ப நாள் இல்ல. வாங்கின பிறகுதான் எனக்கே தெரியும். தம்பி, என் பொண்ணு அந்த வண்டிக்குள்ள ஏறவே மாட்டேங்கிறா. உள்ள ஒரு பாப்பா தூங்குதாம்..."

மீதியை அவன் கேட்கவில்லை.

ஷட்டருக்குள் நுழைந்தபோது பட்டறை நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது. அவன் கழற்றிவிட்ட குழாயின் இடைவெளிக்கு நேர் மேலே வண்டியின் துருப்பிடித்த அடித்தட்டு. தட்டுக்கு மேலே அவள்.

"அணை! அணைச்சிடு!"

ஓட்டுநர் இருக்கையில் அவளைக் காணோம். நடு இருக்கைக்குப் போயிருந்தாள். ஏன் போனாள்? கதவைப் பிடித்து இழுத்தான். பூட்டியிருந்தது. மறுபக்கம் ஓடினான். பூட்டு. பக்கவாட்டுக் கதவு. பூட்டு.

கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தான். அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மடிமேல் அவளுடைய வலது கை மெதுவாக ஏறி இறங்கியது. தட்டிக்கொடுப்பதைப் போல.

வீல் ஸ்பேனரை எடுத்து அடித்தான். கண்ணாடி வெள்ளையாகச் சிலந்தி வலை விட்டது. அதில் வெயிலுக்கு ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிம் நொறுங்கலை உதிரவிடாமல் பிடித்துக்கொண்டது. மறுபடி அடித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

சத்தம் போடாதே என்று.

பானட்டைத் திறந்தான். பெட்ரோல் பம்பின் ரிலேயைப் பிடுங்கினான். இதைப் பிடுங்கினால் எந்த வண்டியும் இரண்டு மூச்சில் நிற்கும். நிற்கவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினான். நிற்கவில்லை. ரிலே அவன் கையில் இருந்தது. என்ஜின் ஓடியது.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம். தட். தட். தட். இரும்பின்மேல் உள்ளங்கை அறையும் சத்தம். அவசரமாக. பைத்தியம் பிடித்ததைப் போல.

அந்த அம்மா பொத்துகிறாள். பொத்தியும் நிற்கவில்லை. முன்னால் குழாய் திறந்திருக்கிறது.

திறந்துவிட்டவன் அவன்.

தரையில் விழுந்து அடியில் புகுந்தான். போல்ட்டைத் தேட நேரமில்லை. விட்டுப்போன குழாயை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினான். தோல் பொசுங்கியது. கத்தினான். விடவில்லை. முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்து, இரும்போடு இரும்பைச் சேர்த்தான். கால்மாட்டில், வண்டியின் கடைசியில், ஈரப் புடவை சுற்றிய இரண்டு முழங்கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. அவை அசையவில்லை. அவனும் அசையவில்லை.

இருமியது. உதறியது.

நின்றது.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. பக்கவாட்டுக் கதவு தானாகத் திறந்து, அதன் தண்டவாளத்தில் மெல்ல உருண்டு போவது கேட்டது. மனைவியின் கால்கள் தரையில் இறங்கின. தள்ளாடின. நிமிர்ந்தன. உயிரோடு இருக்கிறாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"மெதுவா, கண்ணு" என்றாள் அவள். "பிடிச்சுக்கோ."

அவள் கால்களுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பாதங்கள் இறங்கின. வெறும் பாதங்கள். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

நான்கு கால்களும் வீட்டுப் படியை நோக்கி நடந்தன. கதவு திறந்தது. மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு, கால்மாட்டில், அந்த முழங்கால்கள் அசைந்தன. குனிந்தன. வண்டிக்கு அடியில், அவன் படுத்திருந்த இடுக்கிலேயே, ஈர மயிர் தரையில் இழுபட, ஓர் உருவம் தவழ்ந்து வந்தது. அவனைப் பார்க்கவில்லை. வெந்து உரிந்த உள்ளங்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்துக்குப் பக்கத்தில் ஊன்றி, அவன்மேல் உராய்ந்துகொண்டு, அந்த மூடிய கதவையே பார்த்தபடி கடந்துபோனது.

படியில் ஏறியது. கதவை இரண்டு கையாலும் தட்டத் தொடங்கியது.