ரப்பர் விரிப்புக்குக் கீழே

வெனிலா வாசனைதான் டெல்மாவை முதலில் உறுத்தியது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் வீட்டின் கதவைத் திறந்ததுமே குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே கூரையிலிருந்து வாசனை அட்டைகள் பதினொன்று தொங்கின. அரிசோனா பாலைவனத்தில் பழைய டிரெய்லர் தேடி அலைந்த எவருக்கும் தெரியும், வாசனை தூக்கலாக இருந்தால் அடியில் ஏதோ நாறுகிறது என்று.

அவள் ஒன்றும் ஏமாளி அல்ல. ஓரமெல்லாம் குதிகாலால் மிதித்துப் பார்த்தாள், மூலைகளை அழுத்தினாள், கட்டிலுக்கடியில் தலையை விட்டு மோந்தாள். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. பின்பாதியில், மணல்மேட்டில் ஓட்டும் பைக்குகளை ஏற்றி வைக்கிற இடத்தில் மட்டும், தரை முழுக்கச் சுவருக்குச் சுவர் தடித்த ரப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது.

"இதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுறீங்களா?"

விற்க வந்த கிழவர் ஓரன் வெளியே சரளைக் கல்லில் நின்றபடியே பதில் சொன்னார். ஒரு தடவைகூட அவர் உள்ளே கால் வைக்கவில்லை.

"பசை போட்டு ஒட்டினது மேடம், தூக்கினா கிழிஞ்சிரும். இந்த விலைக்குக் கோழிக்கூண்டுகூடக் கிடைக்காது, பாத்துக்குங்க."

அது உண்மைதான். அவளுக்கு வேண்டியதும் அந்தப் பின்பாதிதான். பின்சுவர் அப்படியே மடங்கி இறங்கிச் சாய்தளமாகும். பைக் ஏறுகிற வழியில் சக்கர நாற்காலியும் ஏறும். அவள் கணவன் ரஸ்ஸுக்கு ஆறு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். விரிப்பைத் தூக்காமலே வாங்கிவிட்டாள். ஆசை யாரை விட்டது!

அன்று மதியமே கள்ளிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார்கள். ரஸ் யார் கையும் படாமல் தானே உருட்டிக்கொண்டு ஏறினான்.

"பாத்தியா டெல்? இனிமே உனக்குச் சுமைதூக்குற வேலை போச்சு."

அவன் சிரித்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் அந்தப் பாழாய்ப்போன அட்டைகளைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள்.

வெயில் சாயச் சாய வாடை எழுந்தது. ஈரத்தோடு சுருட்டி மறந்துபோன பாத்திரத் துணியின் வாடை, அதற்கடியில் கட்டு மாற்றாத புண்ணின் வாடை, அதற்கும் அடியில் திரிந்த பாலைப் போல இளஞ்சூடான ஏதோ ஒன்று. அவள் சமையல் மேடையைத் துடைத்தாள், கதவைத் திறந்து வைத்தாள், பினாயிலை ஊற்றினாள், வாடை நாக்கில் வந்து படிந்ததே தவிரப் போகவில்லை. சக்கரம் பதிந்த தடங்கள் விரிப்பில் குழியாக நின்று, மெல்ல மெல்ல உப்பி நிறைந்தன. கதவோரம் விரிப்பின் விளிம்பில் ஏதோ கசிந்தது. விரலால் தொட்டாள். பிசுக்கு. அதில் ஒரு முடி.

கழுவு தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு, அடுப்படிக் கத்தியை எடுத்து வந்து அந்த விளிம்பைக் கிழித்தாள். ஒட்டுப்பலகை மக்கிக் கறுத்துக் கிடக்கும் என்று எதிர்பார்த்தாள். மக்கிய பலகையை மாற்ற அவளுக்குத் தெரியும்.

பலகை இல்லை.

வெளிறிய, வேர்த்த, நுண்துளைகள் நிறைந்த ஏதோ ஒன்று. சில்லென்ற கத்தி முனை பட்டதும் அதற்குப் புல்லரித்தது.

"ரஸ்! இறங்கு. உடனே கீழ இறங்கு!"

"இரு டெல்." பின்பாதியிலிருந்து வந்த குரல் குழைந்திருந்தது. "கால் சூடா இருக்கு."

"என்ன சொன்னே?"

"என் கால். எனக்குத் தெரியுது, டெல். ஆறு வருஷம் கழிச்சுத் தெரியுது!"

அவன் அழுதுகொண்டே சிரித்தான். சக்கரங்கள் பாதிக்கு மேல் காணோம். விரிப்பு பிளந்து, அவன் கால்கள் கணுக்கால் வரை அந்த வெள்ளைச் சதைக்குள் இறங்கியிருந்தன. டெல்மா ஓடிப்போய் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் அலறினான். தரை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கியது.

"இழுக்காதே! வலிக்குது! கடவுளே, வலிக்குது டெல், எவ்வளவு நல்லா இருக்கு!"

அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் தோல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். தையல் இல்லை. விளிம்பு இல்லை. ஒரே மயிர், ஒரே வியர்வை. அருவருப்பில் அவள் பின்வாங்கினாள், கதவு வரை, கிழித்த இடம் வரை.

"போகாதே. விரலை அசைக்கிறேன், பாரு."

அவன் முகம் சுளித்து முயன்றான்.

விரிப்புக்கு அடியில் சுவரிலிருந்து சுவர் வரை மேடுகள் எழுந்து நெளிந்தன. அவள் காலடியில், கிழிசலுக்குள், கால்விரல்கள் வரிசையாக மடங்கி நிமிர்ந்தன. பத்து அல்ல. எண்ண முடியவில்லை. சிலவற்றில் நகச்சாயம் இருந்தது.