இருபத்திரண்டு மதிப்பெண் ஆட்டம்

'உப்பளம்' ஆட்டத்துக்கு 'முன்னாடி' என்ற கருவி நூற்றுக்கு இருபத்திரண்டு மதிப்பெண்தான் கொடுத்தது. கதைமாந்தராகப் பேசி ஆடும் கதையாட்டங்களில் நாற்பதுக்குக் குறைந்ததை நாகர்கோவிலில் இப்போது யாரும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

ஆடுபவர்களின் மனங்களை நகலெடுத்து வைத்து, புதிய ஆட்டம் ஒன்றைத் தானே ஆடிப் பார்த்து, அவர்களுக்கு அது பிடிக்குமா என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. 'உப்பளம்' பற்றி அதன் திரை சொன்னது: 'இரண்டாம் மணி நேரத்தில் கோபம். குழு உடையலாம்.'

எழுதியவர் தூத்துக்குடிக்காரர், விற்றது நாற்பது பிரதி. ஆறு வருடமாக ஞாயிறுதோறும் கதையாட்டம் நடத்திவந்த செங்கமலத்துக்கு, தொண்ணூறு வாங்கிய ஆட்டங்களெல்லாம் ஒரே மாதிரி தோன்றின. தன்னோடு ஆடும் ரஹீமா, தேவசகாயம், இளமாறன் மூவரிடமும் மதிப்பெண்ணை மறைக்காமல் சொல்லியே சம்மதம் வாங்கினாள்.

ஆட்டத்தில் ஆளுக்கு ஓர் உப்பளம்; மழை வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அளத்தை மூழ்கவிட வேண்டும். யாருடையது என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். ரஹீமா மூன்று முறையும் தேவசகாயத்தின் அளத்தையே சொன்னாள். அவன் காரணம் கேட்டான்.

"எந்தக் கதையானாலும் நீதான் தலைவன். ஆறு வருஷமா நாங்க உன் பின்னாலயே நடக்கோம்."

இளமாறனும் தலையாட்டினான். தேவசகாயம் எழுந்து போனான்.

மூன்று ஞாயிறுகள் மேசை காலியாகக் கிடந்தது. செங்கமலம் தன்னையே நொந்துகொண்டாள். நான்காம் ஞாயிறு தேவசகாயம் வந்து, ரஹீமாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது நெசம்தான். இன்னைக்கு நான் கடைசியாப் பேசுறேன்."

அன்று போல அவர்கள் என்றும் ஆடியதில்லை. முடிந்தபோது ரஹீமாவின் கண் கலங்கியிருந்தது.

மகிழ்ச்சியில் செங்கமலம் இரண்டு அமர்வுகளின் பதிவையும் முன்னாடிக்குக் கொடுத்தாள். அது உடனே கற்றுக்கொண்டது. 'உப்பளம்' தொண்ணூற்று நான்குக்கு ஏறியது. கோபம் வரும் என்று ஒதுக்கப்பட்டிருந்த முந்நூறு ஆட்டங்கள் 'மோதி இணைய' என்ற பட்டியலில் வெளிவந்தன. ஊரெல்லாம் அவற்றை ஆடியது.

நால்வரும் அதிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். ஆட்டம் தொடங்கி இரண்டு மணி பத்து நிமிடத்தில் கோபம் என்று திரையில் இருந்தது. அந்த நேரம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோபம் யாருக்கு வரணும்?" என்றான் தேவசகாயம்.

செங்கமலம் திரையைப் பார்த்தாள். "ரஹீமாவுக்கு."

ரஹீமா வெகுநேரம் யோசித்தாள். பிறகு, கோபப்பட ஒரு காரணமும் தோன்றவில்லை என்று மூவரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.