பெப்பர்மின்ட் பிஸ்டல்

"வீ...ல்!"

மனைவி நடீனின் அலறலைக் கேட்டு, கறி வெட்டிக்கொண்டிருந்த ஆர்வில் ஹட்டோ நிமிர்ந்தான்.

கல்லாவுக்கு எதிரே ஒரு பன்றி நின்றுகொண்டிருந்தது.

இரண்டு காலில்!

கையில் துப்பாக்கியோடு!

"கத்தாதே! கல்லாவைத் தொற!" ரப்பர் முகமூடிக்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது.

டெக்ஸாஸின் அந்தச் சின்ன ஊரில் பன்றி முகமூடியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. மாட்டுத் தீவனக் கடை, அழகு நிலையம், கேக் கடை... பட்டப்பகலில் வருவான். கல்லாவைத் துடைப்பான். போய்க்கொண்டே இருப்பான்.

இன்று ஹட்டோவின் புகைக்கறிக் கடை!

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் மேஜைகளுக்கு அடியில் பாய்ந்தது. ஒரு கிழவர் மட்டும் தட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

ஆர்விலுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில்... கொஞ்சம் சந்தோஷம்!

காரணம், அவன் ஜீன்ஸின் வலது பாக்கெட்டில் இருந்தது.

ஒரு குட்டிப் பிஸ்டல்!

போன வாரம்தான் வாங்கினான். விற்றவன் லெஸ்டர் காப். ஊரின் ஒரே துப்பாக்கிக் கடைக்காரன். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். ஆர்விலின் மகளுக்கு ஞானத்தகப்பன்.

"மாப்ளே, இதைப் பாரு... உள்ளங்கைக்குள்ள அடங்கிடும்! சட்டைப் பாக்கெட்ல போட்டாக்கூட எடை தெரியாது" என்று அன்று லெஸ்டர் உருகினான். "ஆனா உழைப்பு? இரும்புடா! மேல ட்ராக்டர் ஏத்தினேன்... ஒரு கீறல் இல்ல. பீன்ஸ் பானைக்குள்ள போட்டுக் கொதிக்க வெச்சேன்... எடுத்துச் சுட்டேன், சுட்டுச்சு!"

"பீன்ஸ் எப்படி இருந்துச்சு லெஸ்டர்?" என்று கேட்டாள் நடீன்.

"சிரிக்காதீங்க அண்ணி. நாளைக்கே அந்தப் பன்றி உங்க கடைக்கு வந்தா?"

வந்துவிட்டது!

ஆர்வில் பல்லைக் கடித்தான். பிஸ்டலை எடுக்க ஒரு கை காலியாக வேண்டும். எனவே கையிலிருந்த முழங்கை நீளக் கறிக்கத்தியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஆர்வில்!" நடீனின் கண்கள் பிதுங்கின. "கத்தியை ஏன்யா கீழ வெக்கிறே?"

"பேசாம இரு நடீன்... நான் பாத்துக்கறேன்."

பாக்கெட்டுக்குள் கையை விட்டான்.

போகவில்லை.

ஜீன்ஸ், அவன் தொப்பை இன்னும் இளமையாக இருந்தபோது வாங்கியது. மூச்சை உள்ளே இழுத்தான். எம்பினான். வளைந்தான். கை உள்ளே போயிற்று.

இப்போது வெளியே வரவில்லை!

"என்னய்யா பண்றே?" என்றது பன்றி.

"ஒரு... ஒரு நிமிஷம்..."

உலுக்கி இழுத்தான். லாரிச் சாவி வந்தது. கசங்கிய கைக்குட்டை வந்தது. பல் குத்தும் குச்சி வந்தது. கடைசியில், பஞ்சும் நூலுமாகச் சுற்றிக்கொண்டு, பிஸ்டல்!

"அசையாதே!" என்று உறுமினான் ஆர்வில்.

பன்றி அசையவில்லை. அது சிரித்துக்கொண்டிருந்தது.

ஆர்வில் விசையைத் தேடினான். சின்ன வளையம். அவன் விரலோ அவன் விற்கும் சாஸேஜ் தடிமன். நுழைத்தான். இழுத்தான்.

ம்ஹூம்.

"நல்லா அழுத்தி இழு. இந்த மாடல்ல ட்ரிகர் கொஞ்சம் கெட்டி" என்றது பன்றி, பொறுமையாக.

"அப்படியா? தேங்க்ஸ்..."

மறுபடி இழுத்தான். பிஸ்டலுக்குள்ளிருந்து பிசுபிசுவென்று ஏதோ வழிந்தது. மோந்து பார்த்தான்.

பெப்பர்மின்ட்! பாக்கெட்டில் கிடந்த மிட்டாய் உருகி, உள்ளே போய் அடைத்திருந்தது.

"போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நடீன்.

பன்றி தானே கல்லாவைத் திறந்து கையை விட்டது. ஆர்விலுக்கு ரத்தம் கொதித்தது. அவமானம்... மனைவிக்கு முன்னால்... ஊருக்கு முன்னால்...!

"சனியனே!"

பிஸ்டலை ஓங்கி எறிந்தான்.

குறி தப்பியது. பிஸ்டல் நேரே மேலே போயிற்று. சுழன்றுகொண்டிருந்த இரும்பு மின்விசிறியில் மோதியது.

டங்!

இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தது. பன்றியின் நெற்றியில் இறங்கியது.

தட்!

பன்றி சாய்ந்தது. அதன் துப்பாக்கி ஒரு மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.



பன்றியின் நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியவில்லை.

"நடீன்... நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்! பயமுறுத்தத்தான் வாங்கினேன். சத்தியமா!"

நடீன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. ஊர்ப் போலீஸ் அதிகாரி, ஷெரிஃப் வாண்டா டீக்! எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள், 'டங்' சத்தம் கேட்டு, கோப்பையோடு ஓடி வந்திருந்தாள்.

"யாரு சுட்டது?"

"யாரும் சுடலைங்க ஷெரிஃப்மா... இது சுடவே இல்ல. அதான் எறிஞ்சேன்!"

"எது?"

ஆர்வில் குனிந்து பிஸ்டலை எடுத்தான். "இதுதான்... நல்லாப் பாருங்க. ட்ராக்டர் ஏறினாலும் சுடுமாம்! நான் இப்படித்தான் இழுத்தேன்... இப்படி..."

டுமீல்!

அலமாரியிலிருந்த சாஸ் ஜாடி வெடித்துச் சிதறியது. ஷெரிஃபின் தொப்பி, மூக்கு, காபி... எல்லாம் சிவப்பு.

அப்போது தரையிலிருந்து ஒரு குரல் ஈனமாக, ஆனால் பெருமையாகக் கேட்டது.

"பாத்தியா மாப்ளே... ஃபேன்ல அடிபட்டும் எப்படிச் சுடுது பாரு!"

ஆர்வில் உறைந்தான்.

அந்தக் கரகரப்பு இல்லாத குரல்... அந்த 'மாப்ளே'...

நடீன் பாய்ந்து முகமூடியைப் பிடுங்கினாள்.

லெஸ்டர் காப்!

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"அடப்பாவி!" என்றாள் நடீன்.

ஷெரிஃப் சாஸைத் துடைத்தபடி தலையாட்டினாள். "இப்பப் புரியுது. தீவனக் கடையில திருட்டு... மறுநாளே அந்தக் கடைக்காரரு உன்கிட்ட பிஸ்டல் வாங்கினாரு. அப்புறம் அழகு நிலையம், கேக் கடை... பயத்தையும் நீயே வித்து, மருந்தையும் நீயே வித்திருக்கே!"

"வியாபாரம் படுத்துருச்சு ஷெரிஃப்..."

"லெஸ்டர்..." ஆர்வில் அவனருகே குனிந்தான். "என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன்டா நீ! என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு உனக்குத் தெரியும். சுட்டிருப்பேனே... செத்திருப்பியே. அந்தப் பயம்கூட இல்லாமலா வந்தே?"

"என்ன பயம்? வித்தவனே நான்தானே மாப்ளே! அது பாக்கெட்டை விட்டு வெளிய வர்றதுக்குள்ள, நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வந்துடலாம். நீ எறிவேன்னு எவன் கண்டான்?"

ஆர்விலுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. நடீனுக்குத் தெரிந்திருந்தது. கரண்டியை எடுத்தாள். ஷெரிஃப் குறுக்கே வந்தாள்.

"வேணாம் நடீன். நான் கூட்டிட்டுப் போறேன். இவனோட துப்பாக்கி எங்கே?"

மேஜைக்கு அடியிலிருந்த கிழவர் தட்டை விடாமல் மறு கையால் எடுத்து நீட்டினார். விழுந்த வேகத்தில் அது இரண்டாகப் பிளந்திருந்தது. ஷெரிஃப் இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பிளாஸ்டிக்! உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது!

"யோவ் லெஸ்டர்! கடை நிறைய துப்பாக்கி வெச்சிருக்கே. கொள்ளையடிக்க விளையாட்டுத் துப்பாக்கியையா எடுத்துட்டு வந்தே?"

லெஸ்டர் பதறிப்போனான்.

"ஐயையோ... நிஜத் துப்பாக்கியா? தப்பித் தவறி வெடிச்சு, யார் மேலயாவது பட்டுட்டா என்ன பண்றது ஷெரிஃப்!"