திரும்பாத நீலப் புள்ளி

கண்ணாடிக்கடைக்காரர் குன்றடியில் இன்னும் மிதிக்கவே தொடங்கவில்லை. அதற்குள் நீலப் புள்ளி கிளம்பிவிட்டது.

சைக்கிள் கைப்பிடியில் பொருத்தியிருந்த சின்னத் திரையில் இரண்டு புள்ளிகள் ஓடும். சிவப்பு, இன்றைய அவர். நீலம், நேற்று ஓட்டிய அவர். நேற்றைய தன்னை இன்று முந்த வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. நாற்பத்தெட்டு வயதில் என்ன வீம்போ, உச்சியை இருபது நிமிடத்தில் தொட்டே தீருவேன் என்று மூன்று மாதமாக மாலைதோறும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடையை அடைத்ததும் நேரே குன்றுக்குத்தான். மனைவி தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்கப் பழகிவிட்டாள். இன்று காலை மட்டும் வாசல்வரை வந்தாள்.

"இன்னைக்காவது இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க. இனிமே நான் காத்திருக்க மாட்டேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஈர மண்ணின் வாசனையும் சங்கிலியின் கரகரப்பும் தன்னுடைய மூச்சிரைப்பும் தவிர வேறொன்றுமில்லாத ஏற்றத்தில், மரநிழல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையை மூடிக்கொண்டு வர, முன்னால் போகும் அந்தப் புள்ளியையே துணையாக நினைத்துக்கொண்டு மிதித்தார். பேச்சுத்துணைக்கு ஒரு நாய்கூட இல்லை. மூன்றாம் வளைவில், தண்ணீர்த்தொட்டியருகே, நெஞ்சை அடைத்தது. நேற்றும் இங்கேதான் அடைத்தது. நேற்று இங்கிருந்துதான் தோற்றுத் திரும்பினார்.

நீலப் புள்ளி திரும்பவில்லை. மேலே போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அவசரத்தில், நேற்று ஓட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்திருந்தார். நேற்றைய ஓட்டம் இன்னும் முடியவில்லை.

அது உச்சியைத் தொட்டது. பத்தொன்பது நிமிடம். மறுபக்கம் இறங்கியது. குன்றைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. அவருடைய தெருவுக்குள் திரும்பியது.

சைக்கிளைத் திருப்பினார். பிரேக்கைத் தொடவேயில்லை. காற்று. வளைவு. இன்னொரு வளைவு.

வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டிருந்தது. சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதே கீறல், அதே மணி. பின்சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஏறி வந்த சைக்கிள் அவருக்கு அடியிலேயே இருந்தது.

ஜன்னலில் வெளிச்சம். மேசையில் இரண்டு தட்டுகள். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. அவளுக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒருவன்.

கதவைத் தட்டினார். திறந்தாள். தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். அவர் நின்ற இடத்தையும் பார்த்தாள்.

"யாரு?" உள்ளிருந்து அவருடைய குரல்.

"யாருமில்லங்க." கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

கத்தினார். சத்தம் வரவில்லை. திரையைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி இல்லை.

உள்ளே அது எழுந்து ஜன்னலுக்கு வந்தது. அவருடைய முகம்தான். மூச்சு மட்டும் வாங்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடியது.