சீசரின் தள்ளாட்டம்

காலை ஏழு மணி. அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. சோபாவுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது சீசர். வயதான லாப்ரடார், வலிப்பு நோய் உள்ளது.

"விஷம் வெச்சுட்டான் மேடம்," என்றார் அமல்ராஜ். பக்கத்து ஊரான பாடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் அவருக்கு எஞ்சியிருந்தது அந்த நாய்தான். "வாட்ச்மேன் பச்சையப்பன்தான் செஞ்சிருப்பான்."

சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பிரியா கீழே இறங்கி, கேட்டில் இருந்த பச்சையப்பனிடம் போனார்.

"நாயைத் திட்டினியாமே?"

"ஆமாம்மா. பக்கெட் பக்கெட்டா தண்ணி குடிச்சுட்டு லிப்ட்லயே ஒண்ணுக்குப் போய்கினு இருந்துச்சு. யாரு கழுவுறது? திட்னேன்."

"தின்ன என்ன குடுத்த?"

"நேத்து ஒரு பன்னு. எப்பப் பாரு பசி அதுக்கு. காலு பின்னிக்கினு தள்ளாடி வந்து, முழுசாத் துன்னுட்டு கையை நக்குச்சு. அதுக்குப் போய் விஷம் வெப்பேனாம்மா?"

குடியிருப்போர் சங்கம் காத்திருக்கவில்லை. அன்றே பச்சையப்பனை வேலையிலிருந்து நீக்கியது.

சில நாள் கழித்து, சீசரின் பிரேதப் பரிசோதனை முடிவு வந்ததும் கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டு, கிருஷ்ணப்பிரியா மறுபடியும் அமல்ராஜ் வீட்டுக்குப் போனார்.

"வலிப்பு வந்தா சீசர் எப்படி இருக்கும்?"

"விழுந்து விறைச்சிடுவான். வாயில நுரை தள்ளும். கூப்பிட்டாலும் தெரியாது."

"கடைசி வாரம்?"

"அடிக்கடி வந்துச்சு மேடம். நடக்க முடியாமத் தள்ளாடினான்."

"அப்போ கூப்பிட்டா?"

"வந்தான்."

"சாப்பாடு?"

"எவ்ளோ போட்டாலும்..." அமல்ராஜ் நிறுத்தினார்.

"தள்ளாடினப்போ என்ன செஞ்சீங்க சார்?"

"வலிப்பு மாத்திரை இன்னொண்ணு குடுத்தேன். ஒவ்வொரு தடவையும்."

கிருஷ்ணப்பிரியா குரலைத் தாழ்த்தினார். "வயித்துல விஷம் இல்ல. ரத்தத்துல அந்த மாத்திரை மருந்துதான் அளவுக்கு மீறி இருக்கு. வலிப்புல இருக்கற நாய் கூப்பிட்டா வராது, பன்னு திங்காது. தள்ளாட்டம், தாகம், பசி எல்லாமே மருந்தோட பக்க விளைவு. வயசான ஈரல், அதால மருந்தை வெளியேத்த முடியல. நீங்க குடுக்கக் குடுக்க இன்னும் தள்ளாடியிருக்கு. சீசரைக் கொன்னது பச்சையப்பன் இல்ல சார். நீங்கதான், தெரியாம."

"என் கையால குடுத்தா மறுக்கவே மாட்டான் மேடம்," என்றார் அமல்ராஜ்.

செருப்புகூடப் போடாமல் இறங்கி கேட்டுக்குப் போனார். நாற்காலியில் புது ஆள்.

"பச்சையப்பன் எங்கப்பா?"

"நாயைக் கொன்னவன்னு சொல்லி யாரும் வேலை தரலியாம் சார். ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு. எங்கன்னு தெரில."

"போன்?"

"அதுவும் ஆப் பண்ணிக் கீது."

அமல்ராஜ் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.